ஏஐ எழுதிய கோடுக்கு விளக்கம் கேட்டால்?

கேள்வி: ஐந்து வருடமாக பேக்எண்ட் டெவலப்பராக இருக்கிறேன். இப்போது எங்கள் டீமில் எல்லோரும் ஏஐ கருவிகளை வைத்துத்தான் கோடு எழுதுகிறோம். வேலை சீக்கிரம் முடிகிறது, பாராட்டும் கிடைக்கிறது. போன வாரம் பணம் செலுத்தும் பகுதியில் ஒரு மாற்றம் செய்து ரிவ்யூவுக்கு அனுப்பினேன். "இந்த ஐடெம்பொடென்சி கீயை ஏன் லூப்புக்கு உள்ளே உருவாக்கியிருக்கிறீர்கள்?" என்று சீனியர் ஒருவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த வரி கருவி எழுதியது. டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆனதால் அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து ஒரே யோசனை. என் திறமை மழுங்கிக்கொண்டு வருகிறதா? இனி ஒரு டெவலப்பருக்கு என்னதான் தெரிந்திருக்க வேண்டும்? கொஞ்ச நாள் கருவியே இல்லாமல் எழுதிப் பார்க்கலாமா? ப்ராம்ப்ட் எழுதக் கற்றுத்தரும் கோர்ஸ் ஒன்றில் சேரலாமா?

பதில்: வணக்கம். சீனியர் கேட்டது நல்ல கேள்வி. முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தேடுவதில் பாதி அங்கேயே கிடக்கிறது.

பணம் எடுக்கச் சொல்லி வெளியே உள்ள ஒரு சர்வருக்குக் கோரிக்கை அனுப்புகிறோம். குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை, டைம்அவுட். அப்படியானால் பணம் எடுக்கப்படவில்லை என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. பதில் வரவில்லை, நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கோரிக்கை போகும் வழியிலேயே தொலைந்திருக்கலாம். பணம் எடுத்து முடித்த பிறகு, பதில் திரும்பி வரும் வழியில் தொலைந்திருக்கலாம். நம் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு ரெட்ரை செய்தால், அதாவது அதே கோரிக்கையை மறுபடி அனுப்பினால், வாடிக்கையாளரிடம் இரண்டு முறை பணம் போய்விடும். இதைத் தடுக்கத்தான் ஐடெம்பொடென்சி கீ. ஸ்ட்ரைப் போன்ற பணம் செலுத்தும் சேவைகளில் கோரிக்கையோடு இப்படி ஒரு அடையாளத்தை அனுப்பலாம். அதே கீ மறுபடி வந்தால் சர்வர் மறுபடி பணம் எடுக்காது, முதல் முறை கொடுத்த பதிலையே திருப்பித் தரும்.

உங்கள் கோடில் அந்தக் கீ, ரெட்ரை செய்யும் லூப்புக்கு உள்ளே உருவாகிறது. மூன்று முறை முயன்றால் மூன்று வெவ்வேறு கீ. சர்வரைப் பொறுத்தவரை அவை மூன்று தனித்தனிக் கட்டணங்கள். வேரியபிள் பெயர் சரி, லைப்ரரி சரி, மேலே உள்ள கமென்ட்கூட ஒழுங்காகவே இருந்திருக்கும். பாதுகாப்பு மட்டும் இல்லை.

சரி, வரியை லூப்புக்கு வெளியே நகர்த்திவிட்டால் போதுமா? பாதிதான் சரியாகும். கீ அந்த ஃபங்ஷனுக்கு உள்ளேயே உருவாகிறது என்றால், நடுவில் புராசஸ் விழுந்து, வேலைகளை வரிசையில் வைத்திருக்கும் க்யூ அதே வேலையை இன்னொரு முறை எடுத்துக் கொடுக்கும்போது மறுபடியும் ஒரு புதிய கீ வந்துவிடும். பணம் கேட்பதற்கு முன்பே கீயை உருவாக்கி, அந்தக் கட்டணப் பதிவோடு சேர்த்து டேட்டாபேஸில் எழுதிவைத்து, வேலை எத்தனை முறை ஓடினாலும் அங்கிருந்தே எடுக்க வேண்டும். நீங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் சீனியர் அடுத்து இதைத்தான் கேட்டிருப்பார்.

டெஸ்ட் எப்படிப் பாஸ் ஆனது? உங்கள் டெஸ்டை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்த மாதிரி இடத்துக்குக் கருவி எழுதித் தரும் டெஸ்ட் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஒரு போலி சர்வர், முதல் அழைப்புக்கு டைம்அவுட், இரண்டாவது அழைப்புக்கு வெற்றி. கடைசியில், மொத்தம் இரண்டு அழைப்பு போனதா, முடிவு வெற்றியா என்று ஒரு சரிபார்ப்பு. பச்சை டிக் வந்துவிடும். இரண்டு அழைப்பிலும் ஒரே கீ போனதா என்று அந்த டெஸ்டில் எங்கேயும் கேட்டிருக்காது. எந்த அனுமானத்தில் கோடு எழுதப்பட்டதோ அதே அனுமானத்தில்தான் டெஸ்டும் எழுதப்பட்டிருக்கிறது. அது எப்படி இதைப் பிடிக்கும்?

கருவிக்கு இதெல்லாம் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். "டைம்அவுட் ஆனாலும் சரி, நடுவில் புராசஸ் விழுந்தாலும் சரி, ஒரு ஆர்டருக்கு ஒரு முறைக்கு மேல் பணம் எடுக்கவே கூடாது" என்று முதலிலேயே ஒரு வாக்கியம் எழுதியிருந்தால், இன்றைய நல்ல கருவிகள் பெரும்பாலும் சரியாகவே எழுதித் தந்திருக்கும். "ரெட்ரை சேர், ஐடெம்பொடென்சி கீயும் சேர்" என்று மட்டும் கேட்டால் அதையும் சேர்த்துத் தரும், சொன்னபடி. எது நடக்கவே கூடாது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த வாக்கியத்தை எழுதியிருப்பீர்கள். எழுத மறந்திருந்தாலும் ரிவ்யூவுக்கு அனுப்பும் முன் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். இனி ஒரு டெவலப்பருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் பெரும்பாலும் இதுதான்: ஒரு சிஸ்டத்தில் எது நடக்கவே கூடாது என்று முன்கூட்டியே சொல்லத் தெரிய வேண்டும். எழுதி வந்ததில் அது நடக்க வழி இருக்கிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

மதிப்பு குறைந்துவிட்ட திறமைகளும் இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. சின்டாக்ஸ் மனப்பாடம், லைப்ரரி ஃபங்ஷன்களின் பெயர்கள், ரெகுலர் எக்ஸ்பிரஷன், கான்ஃபிக் கோப்புகள், ஒரு மொழியில் இருப்பதை இன்னொரு மொழிக்கு மாற்றுவது, பத்து ஃபார்முக்கும் ஒரே மாதிரி வேலிடேஷன் எழுதுவது. இவற்றில் வேகமாக இருந்ததாலேயே பெயர் வாங்கிய பலரை எனக்குத் தெரியும். அந்தப் பெயர் இனி நிற்காது. எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. அந்த வேலையை விரும்பிச் செய்தவர்கள் அதிகம் இல்லை.

சிலர் உடனே வரலாற்றுக்குப் போவார்கள். 1957-இல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழியைக் கொண்டுவந்தபோதும் இயந்திர மொழியில் எழுதியவர்கள் சந்தேகப்பட்டார்கள், பிறகு பழகிவிட்டார்கள், ஏஐயும் அதேபோல, நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் இன்னொரு கம்பைலர்தான் என்பார்கள். இந்த ஒப்பீட்டில் எனக்கு உடன்பாடில்லை. கம்பைலர் எழுதும் அசெம்பிளியை நாம் படிப்பதில்லை, படிக்கத் தேவையும் இல்லை. மொழிக்கு வரையறை உண்டு, நாம் எழுதியதன் பொருளை மாற்றாமல் மொழிபெயர்ப்பதுதான் கம்பைலரின் வேலை. நாம் தமிழிலோ ஆங்கிலத்திலோ நான்கு வரியில் சொல்வதற்கு அப்படி வரையறுத்த பொருள் கிடையாது. சொல்லாமல் விட்ட இடங்களையெல்லாம் கருவி தானே யூகித்து நிரப்புகிறது, இன்று ஒரு மாதிரி, நாளை வேறு மாதிரி. அந்த யூகங்களைத்தான் நீங்கள் படிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் விஷயத்திலும் லூப்புக்கு உள்ளே வந்த வரி அப்படியொரு யூகம்தான்.

படிப்பது என்றதும் மேலிருந்து கீழே வரி வரியாகப் போவது என்று நினைத்துவிட வேண்டாம். அப்படிப் படித்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும், ஏனென்றால் கருவி எழுதும் கோடு பார்க்க எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். முன்பெல்லாம் அவசரத்தில் எழுதிய கோடு பார்த்தாலே தெரியும்: அரைகுறைப் பெயர்கள், கமென்ட் செய்து விட்டுப்போன வரிகள். கண் அங்கே தானாக நின்றுவிடும். இப்போது தவறான கோடும் சரியான கோடும் ஒரே உடையில் வருகின்றன. அதனால் கேள்விகளோடு படிக்க வேண்டும். டேட்டா எங்கே மாறுகிறது? இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் புராசஸ் விழுந்தால் என்ன மிஞ்சும்? இதே ஃபங்ஷன் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் ஓடினால்? லிஸ்ட் காலியாக வந்தால், லட்சக்கணக்கில் வந்தால்?

நான் முதலில் போய்ப் பார்ப்பது எக்ஸெப்ஷனை, அதாவது ஓடும்போது வரும் பிழையை, பிடிக்கும் இடங்களைத்தான். கருவிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு: எதையாவது அழைத்து அது தோல்வியடைந்தால், பிடித்து, லாகில் ஒரு வரி எழுதி, ஒரு காலி லிஸ்டைத் திருப்பிக் கொடுத்துவிடும். பார்க்கப் பொறுப்பான கோடு மாதிரி இருக்கும். ஆனால் அழைத்தவருக்கு "இந்த வாடிக்கையாளருக்கு ஆர்டரே இல்லை" என்பதும் "ஆர்டர் சர்வீஸ் விழுந்துகிடக்கிறது" என்பதும் ஒன்றாகிவிடும். அப்புறம் அந்தக் காலி லிஸ்டை நம்பி இன்னொரு வேலை எதையாவது அழிக்கும். உடனே சத்தம் போட்டு விழுந்திருக்க வேண்டிய தவறு, மூன்று சர்வீஸ் தள்ளி, இரண்டு வாரம் கழித்து, யாருக்கும் புரியாத வடிவில் வெளியே வரும். இதோடு டெஸ்ட் கோப்பில் வந்த மாற்றங்களையும் தனியாகப் பாருங்கள். பாஸ் ஆகாத டெஸ்டைப் பாஸ் ஆக்கச் சொன்னால், கோடைத் திருத்துவதற்குப் பதிலாக டெஸ்டையே தளர்த்திக் கொடுப்பதும் நடக்கிறது.

புதிதாக ஏதாவது பேக்கேஜ் (வேறு யாரோ எழுதி இணையத்தில் வைத்திருக்கும் கோடு) சேர்ந்திருந்தால் அது உண்மையில் இருக்கிறதா, நாம் நினைக்கும் அதே பேக்கேஜ்தானா என்று பாருங்கள். கருவிகள் இல்லாத பெயர்களைக் கற்பனை செய்வதும், அந்தப் பெயர்களில் முன்கூட்டியே கெட்ட பேக்கேஜைப் பதிவு செய்துவைக்கும் ஆபத்தும் தெரிந்த விஷயங்கள்தான்.

இவ்வளவும் பார்க்க வேண்டுமென்றால் மாற்றம் சிறியதாக இருக்க வேண்டும். ஆயிரம் வரி மாற்றத்தை ஒரே மூச்சில் ரிவ்யூவுக்கு அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள், நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள். கருவி அரை மணி நேரத்தில் ஆயிரம் வரி எழுதும் என்பதற்காக அதை எழுதவிட வேண்டும் என்று கட்டாயமில்லை. வேலையை எங்கே வெட்டுவது என்று முடிவு செய்வதும் இப்போது உங்கள் திறமையில் சேர்த்திதான். முன்பு கை வலிக்கும் என்பதால் தானாகவே சிறியதாக வந்தது.

வேகத்தைப் பற்றியும் கொஞ்சம். வேலை சீக்கிரம் முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அந்த உணர்வை அப்படியே நம்பிவிடாதீர்கள். 2023-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஜாவாஸ்கிரிப்டில் ஒரு எச்டிடிபி சர்வரைப் புதிதாக எழுதும் வேலையை கிட்ஹப் கோபைலட் என்ற ஏஐ கருவியை வைத்திருந்தவர்கள் 55.8 சதவீதம் குறைந்த நேரத்தில் முடித்தார்கள். 2025 ஜூலையில் மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு வெளியிட்ட முடிவு நேரெதிர். அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்கள், தங்களுக்கு நன்கு பழகிய பெரிய ரெப்போக்களில் (கோடு சேமித்து வைக்கும் இடங்களில்), 246 வேலைகள் செய்தார்கள். ஏஐ பயன்படுத்திய வேலைகளுக்கு 19 சதவீதம் அதிக நேரம் பிடித்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த தகவல்: வேலை எல்லாம் முடிந்த பிறகும் அவர்கள், ஏஐயால் 20 சதவீதம் நேரம் மிச்சமானது என்றே நம்பினார்கள். அது 2025 தொடக்கத்தில் இருந்த கருவிகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வு, கருவிகள் அதற்குப் பிறகு மாறிவிட்டன. அதனால் 19 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு விஷயம் தெரிகிறது. முன்பின் இல்லாத புது வேலையில் கருவி பறக்கிறது. தலைக்குள் நிறைய விவரம் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய பழைய வேலையில், அந்த விவரத்தைக் கருவிக்குச் சொல்லிப் புரியவைத்து, அது தந்ததைத் திருத்துவதற்குள் நேரம் போய்விடுகிறது. நம்மில் பெரும்பாலோர் சம்பளம் வாங்குவது இரண்டாவது வகை வேலைக்கு.

தலைக்குள் இருக்கும் அந்த விவரத்தைப் பற்றி டென்மார்க் கணினி அறிஞர் பீட்டர் நௌர் 1985-லேயே எழுதிவிட்டார். நிரல் என்பது கோப்புகளில் இருக்கும் எழுத்து மட்டுமல்ல, அதை எழுதியவர்களின் மனதில் உள்ள புரிதல்தான் நிரல், அந்தக் குழு கலைந்துபோனால் கோப்புகள் இருந்தும் நிரல் செத்த மாதிரிதான் என்பது அவர் வாதம். குழு கலைந்தால் என்று அவர் சொன்னது, குழு அப்படியே உட்கார்ந்திருக்கும்போதே இப்போது நடக்க முடியும். எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள், கோடும் ஓடுகிறது, அது ஏன் அப்படி இருக்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. சீனியரின் கேள்விக்கு முன்னால் உங்களுக்கு வந்த அந்தச் சங்கடம் இதுதான். வெட்கப்பட எதுவும் இல்லை, ஆனால் லேசாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கருவியைச் சுத்தமாக விட்டுவிடலாமா என்றால், வேண்டாம். அது விரதம் இருப்பது மாதிரி; முடிந்த மறுநாள் பழைய வழக்கம் திரும்பிவிடும். அதற்குப் பதில் எதைக் கொடுப்பது, எதைக் கையில் வைத்துக்கொள்வது என்று பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் முன்பே பலமுறை கையால் செய்த வேலையைத் தயங்காமல் கொடுங்கள், தவறு வந்தால் பார்த்ததும் பிடித்துவிடுவீர்கள். இதுவரை செய்யாத வேலை, அதிலும் பணம், அனுமதி, ஒரே நேரத்தில் பலர் தொடும் டேட்டா, இவை வரும் இடங்களில் எலும்புக்கூட்டை நீங்களே எழுதுங்கள். குறைந்தபட்சம் டெஸ்டையாவது நீங்கள் எழுதுங்கள், கோடு கருவியின் பொறுப்பில் வரட்டும். டெஸ்ட் எழுத உட்கார்ந்தாலே எது நடக்கக் கூடாது என்று யோசித்தாக வேண்டும். புரியாத இடத்தில் "எழுதிக் கொடு" என்று கேட்காமல் "இது ஏன் இப்படி, இல்லாவிட்டால் எங்கே உடையும்" என்று கேளுங்கள். ஒரே கருவிதான், ஆனால் இப்படிக் கேட்கும்போது உங்களுக்குக் கற்றுத்தருகிறது.

பக் வந்தாலும் உடனே எரர் செய்தியை நகலெடுத்துக் கருவியில் ஒட்டாதீர்கள். முதலில் லாகைப் படியுங்கள், காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு யூகம் செய்யுங்கள், அப்புறம் கேளுங்கள். எந்த கமிட்டில் உடைந்தது என்று கிட் பைசெக்ட் போட்டுத் தேடுவது போன்ற பழைய பழக்கங்கள் துருப்பிடிக்க வேண்டாம். 1983-இல் லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற உளவியலாளர், தானியங்கி ஆலைகளில் வேலை செய்யும் ஆபரேட்டர்களைப் பற்றி இதைத்தான் கவலையோடு எழுதினார்: எளிய வேலையை எல்லாம் இயந்திரம் எடுத்துக்கொள்கிறது, மனிதரை அழைப்பது மிகக் கஷ்டமான நேரத்தில்தான், அதற்குள் அவருக்குக் கைப்பழக்கம் போயிருக்கும். ப்ரொடக்‌ஷன் விழும் இரவில் உங்களைத்தான் எழுப்புவார்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஐந்து வருடம் ஆகிவிட்டது, அதில் முதல் சில வருடங்கள் நீங்கள் கையால் எழுதித் தவறு செய்து கற்றவை. அது உங்களிடம் இருக்கிறது. இப்போதுதான் வேலைக்கு வருபவர்களுக்கு அந்த வருடங்களே கிடைக்காமல் போகலாம். உங்கள் டீமில் அப்படி யாராவது இருந்தால், அவர்கள் அனுப்பும் மாற்றங்களில் அந்தச் சீனியர் உங்களிடம் கேட்ட மாதிரி "ஏன்" என்று கேளுங்கள், பதில் வரும்வரை பொறுமையாக உட்காருங்கள். நிறுவனங்கள் இதற்கு நேரம் ஒதுக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

கடைசியாக அந்தக் கோர்ஸ். பணம் கொடுத்துச் சேர வேண்டாம். ப்ராம்ப்ட் எழுதும் தந்திரங்களில் பல அடுத்த மாடல் வந்ததும் தேவையற்றுப் போகின்றன. மிஞ்சுவது தெளிவாகக் கேட்பது, அதற்குக் கோர்ஸ் தேவையில்லை. அதற்குப் பதில், கருவி ஒவ்வொரு முறையும் படிக்கும்படி ரெப்போவிலேயே ஒரு குறிப்புக் கோப்பு வைத்து, அதில் உங்கள் சிஸ்டத்தில் நடக்கவே கூடாதவற்றை டீமாக உட்கார்ந்து எழுதுங்கள். அதை எழுதும்போதுதான் உங்களுக்குள்ளேயே எத்தனை பேர் எத்தனை விதமாக நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று தெரியும்.

படித்தே ஆக வேண்டும் என்றால் டேட்டாபேஸ் டிரான்ஸாக்‌ஷனிலிருந்து தொடங்குங்கள், உங்கள் வேலைக்கு அதுதான் பக்கம். ஒரே நேரத்தில் ஓடும் டிரான்ஸாக்‌ஷன்கள் ஒன்று செய்வது மற்றொன்றுக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் ஐசொலேஷன் லெவல். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் அது இயல்பாக ரீட் கமிட்டட், மைசீக்வலின் இன்னோடிபியில் ரிப்பீட்டபிள் ரீட். நீங்கள் பயன்படுத்துவது எதுவோ அதில் இரண்டு டெர்மினலைத் திறந்து, இரண்டிலும் டிரான்ஸாக்‌ஷன் தொடங்கி, இரண்டிலும் ஒரே கணக்கின் இருப்பைப் படித்து, இரண்டிலும் அதிலிருந்து கழித்து எழுதிப் பாருங்கள். எது காத்திருக்கிறது, எது யார் எழுதியதை அழிக்கிறது என்று ஒரு மதியத்தில் தெரிந்துவிடும். கோர்ஸ் கட்டணமும் மிச்சம்.